மேசையில் வைக்காத வழி

போன வாரம் உங்கள் வேலைக்கூடத்துக்கு வந்தபோது, நீங்கள் செய்து முடித்திருந்த பெரிய தொடுதிரை மேசையைக் காட்டினீர்கள். வெள்ளம், புயல் நேரத்தில் எட்டுப் பேர் சுற்றி நின்று ஒரே சமயத்தில் கை வைக்கலாம் என்றீர்கள். "யார் எத வச்சாலும் உடனே எல்லாருக்கும் தெரியும், மேடம். ஒளிவுமறைவே கிடையாது" என்று உங்களில் ஒருத்தி சொன்னாள். சொல்லும்போது அவள் முகத்தில் இருந்த பெருமை எனக்கு நன்றாகத் தெரிந்த பெருமை. அதே வார்த்தையை நானும் ஒரு காலத்தில் பார்த்தவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அது எங்கே சறுக்கும் என்று எனக்குக் காட்டியது ஒரே ஒரு முற்பகல். அதை உங்களுக்குச் சொல்லாமல் நான் ஓய்வெடுத்து என்ன பயன்?

நான் திருக்கோவிலூர்க்காரி. ஐ.டி.ஐ.யில் வரைவாளர் படிப்பு முடித்ததும் கள்ளக்குறிச்சியில் ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலை கிடைத்தது. கல்வராயன் மலை ஊர்களுக்குக் குடிநீரும் மருத்துவமும் கொண்டு சேர்ப்பது அவர்கள் வேலை. அதற்கான படங்களை வரைவது என் வேலை. பொறுப்பில் இருந்தவர் ஒரு டாக்டர். அதிகம் பேசமாட்டார். எதைச் செய்தாலும் "இதை யார் பயன்படுத்தப் போறாங்க?" என்று மட்டும் கேட்பார்.

முதல் வருடம் நான் ஒரு சுவர்ப்படம் செய்தேன். ஆறடிக்கு நாலடி, தேக்குச் சட்டம், மேலே கண்ணாடி. ஓடை நீலம், ஜீப் தடம் சிவப்பு. பார்த்தவர்கள் அசந்துபோனார்கள். அதைக் கரியாலூருக்கு எடுத்துப்போய், பக்கத்து ஊர் ஒன்றுக்குக் கிணறு எங்கே வெட்டலாம் என்று கூட்டம் போட்டோம். படத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஆள் ஒருவர் குச்சியோடு நின்றார். குச்சி போன இடத்துக்கெல்லாம் ஊர்க்காரர்கள் தலையாட்டினார்கள். எல்லோரும் ஒத்துக்கொண்ட இடத்தில் தோண்டினோம். பாறைதான் வந்தது.

அந்த ஊரில் தினை அறுத்துக்கொண்டிருந்த ஓர் அம்மாவிடம், "அன்னிக்கே ஏம்மா சொல்லல?" என்று கேட்டேன். நிமிராமலே பதில் சொன்னார்.

"மேல பறக்குற காக்காவுக்குத்தாம்மா அந்தப் படம் தெரியும். நாங்க நடந்து போறவங்க. அதுல எங்கூரு எதுன்னே எங்களுக்குப் புரியல. குச்சி வெச்சிக்கினு ஒரு பெரிய மனுசன் நிக்கிறாரு. நாங்க இன்னா சொல்றது?"

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. அளவில் ஒரு நூல் தப்பில்லாத படம் அது. மலையிறங்கி வரும்போதுதான் மெல்ல உறைத்தது. கண்ணாடிக்குப் பின்னால் வைத்ததை யாரும் தொட முடியாது. தொட முடியாததை எப்படித் திருத்துவார்கள்?

அப்படித்தான் மேசை வந்தது. அட்டையை உயர வாரியாக வெட்டி அடுக்கி, மேலே மரத்தூளும் பசையும் குழைத்துப் பூசி, மலையை மலையாகவே செய்தேன். கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவினாலும் கோமுகி ஆறு எங்கே இறங்குகிறது என்று தெரியும். மலைக்குக் கீழே கள்ளக்குறிச்சி வரைக்கும் சமவெளி ஊர்கள், ஏரிகள், கரும்புக் கொல்லைகள். ஊர்ப் பெயர்களை முதலில் எழுதியிருந்தேன். எந்தப் பக்கம் பார்த்து எழுதினாலும் அந்தப் பக்கம் நிற்பவரே கூட்டத்துக்குத் தலைவர் ஆகிவிடுகிறார் என்று கண்டு, எழுத்தைச் சுரண்டிவிட்டு, ஒவ்வோர் ஊருக்கும் ஒரு கோவிலோ ஆலமரமோ பள்ளிக்கூடமோ சின்னக் கட்டையில் செதுக்கி வைத்தேன். நாற்காலி போட விடவில்லை. மூன்று நாற்காலி வந்தால் மூன்று பேர்தான் பேசுவார்கள். நாலு மூலையிலும் நாலு கொட்டாங்கச்சி. அதில் மர ஜீப், பாசிமணி, தீக்குச்சி. யாருக்கு எது தோன்றினாலும் எடுத்து வைக்கலாம், பிடிக்காதவர் நகர்த்தலாம்.

அந்த மேசையைச் சுற்றி நின்று மலை ஊர்க்காரர்கள் ஆறு கிணற்றுக்கு இடம் காட்டினார்கள். ஐந்தில் தண்ணீர். இதைப் பெருமையாகத்தான் சொல்கிறேன். மேசையில் பேசாத வாயே கிடையாது, அங்கே மறைப்பதற்கு ஒன்றும் இல்லை என்று நான் நம்பினேன்.

அடுத்த வருடம் இட ஒதுக்கீட்டுப் போராட்டம் சாலைக்கு வந்தது. சாலையோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்தார்கள். பஸ் இல்லை, பால் இல்லை. உளுந்தூர்பேட்டையில் லாரிகள் கண்ணுக்கெட்டிய மட்டும் நிற்பதாகச் சொன்னார்கள். கேட்டவர்கள் பக்கம் நியாயம் இருந்தது. படித்துவிட்டு வரப்பு வெட்டிக்கொண்டிருந்த பிள்ளைகள் அந்த ஊர்களில் வீட்டுக்கு ஒருவர் இருந்தார்கள். துப்பாக்கிச் சூட்டுச் செய்தியும் வந்தது. அங்கங்கே குடிசைகள் எரிந்த செய்தியும் வந்தது. யார் தீ வைத்தது என்று ஆளுக்கொரு கதை சொன்னார்கள். எரிந்தது யாருடைய குடிசை என்பதில் மட்டும் இரண்டு கதை இல்லை. காலனிக் குடிசைகள்.

மறியலின் நாலாம் நாள் காலையில் மலையிலிருந்து ஒருவர் காட்டுவழியாகவே நடந்து எங்கள் அலுவலகத்துக்கு வந்து சேர்ந்தார். கரியாலூருக்கு அப்பால் அவர் ஊரில் வாந்திபேதி. பதினோரு பேர் படுக்கையில். இரண்டு பேர் ஏற்கெனவே போய்விட்டார்கள். எங்களிடம் சலைன் பாட்டில் பெட்டி பெட்டியாக இருந்தது. தலைச்சுமையாகக் கொண்டுபோகிற அளவில்லை. ஜீப் போயாக வேண்டும். முந்தின நாள் வேறு வேலையாகப் போன ஜீப் முதல் மரத்தடியிலேயே திரும்பி வந்திருந்தது.

டாக்டர் என்னிடம், "மேசையைத் தயார் பண்ணும்மா. எல்லாரையும் கூப்பிடறேன்" என்றார்.

பத்து மணிக்கு வந்தார்கள். மறியல்காரர்கள் பக்கம் நடேசன் என்பவர், கரும்பு போடுகிறவர், பி.ஏ. படித்தவர். முப்பது வயதுகூட இருக்காது. கூட மூன்று பேர். வருவாய்த் துறையிலிருந்து ஓர் அதிகாரி. எங்கள் ஜீப் ஓட்டுநர் சாமிக்கண்ணு. பிறகு அஞ்சலை. மலையடிவாரம் போகும் சாலையில் உள்ள ஒரு காலனியில் இருப்பவர். கூலி வேலைக்குப் போவார். மீதி நேரம் எங்களுக்காக உப்புச் சர்க்கரைப் பொட்டலம் கொடுத்து, காய்ச்சல்காரர்களைப் பார்த்து வருவார். கொல்லைகளுக்கு நடுவே நடந்தே வந்திருந்தார். உள்ளே வந்து கதவோரமாக நின்றுகொண்டார்.

நடேசன் அதிகாரியைப் பார்த்ததுமே திரும்பப் போனார். "இவரு இருக்கற எடத்துல நான் இருக்க மாட்டன். எங்க பெரியப்பா புள்ள ஆஸ்பத்திரியில குண்டடி பட்டுப் படுத்துக்கினு கெடக்கறான்."

டாக்டர் அவரைத் தடுக்கவில்லை. மலையிலிருந்து வந்தவரைக் கூப்பிட்டு, "உங்க ஊரு எதுன்னு காட்டுங்க" என்றார் அவ்வளவுதான். அவர் மேசையைத் தடவிக்கொண்டே போய், மலையின் ஒரு மடிப்பில் விரலை வைத்து, "இங்க சாமி, இங்க" என்றார். அந்த விரலை அவர் எடுக்கவே இல்லை. நடேசன் கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மேசையண்டை வந்தார்.

தீக்குச்சி இருந்த கொட்டாங்கச்சியை அவரிடம் நீட்டினேன். "எங்கெங்க மரம் விழுந்திருக்குன்னு நீங்களே வைங்க. அதுக்கு ஏத்த மாதிரி ஜீப் போற வழியப் பாக்கலாம்."

"இன்னாம்மா, எங்க ஆளுங்கள எங்க வாயாலயே காட்டிக் குடுக்கச் சொல்றியா?" என்றார்.

சரியான கேள்வி. எனக்கு அது தோன்றவே இல்லை என்பதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். எந்த ஊர் எதிரே எந்த மரம் என்று வைத்தால், அந்த ஊர்ப் பையன்கள் மீது நாளைக்கே வழக்கு விழும். மேசையைப் பார்த்து எழுதிக்கொள்ள அதிகாரியின் கையில் குறிப்பேடு திறந்திருந்தது. நான் அவர் எதிரே போய்க் கையை நீட்டினேன். என் வயதுக்கும் வேலைக்கும் அது பெரிய துடுக்குத்தனம்.

"சார், அதக் குடுங்க. இங்க யாரும் எழுத வேணாம். பேசி முடிஞ்சதும் குச்சியெல்லாம் நானே பொறுக்கிடுவேன்."

அவர் என்னைப் பார்த்தார், மலைக்காரரின் விரலைப் பார்த்தார். குறிப்பேட்டை மூடி என் கையில் கொடுத்துவிட்டு, பேனாவையும் அதன் மேல் வைத்தார்.

நடேசன் குச்சிகளை வைக்க ஆரம்பித்தார். கூட வந்த மூவரும் சேர்ந்துகொண்டார்கள். "இங்க ரெண்டு மரம்." "இல்லடா, நேத்து மூணாவதும் சாச்சிட்டாங்க." சாமிக்கண்ணு மர ஜீப்பை நகர்த்திக்கொண்டே, எந்த மரத்தை எவ்வளவு அறுத்தால் சக்கரம் நுழையும் என்று கேட்டார். அறுத்துத் தர நடேசன் ஒத்துக்கொண்டார். கால்மணி நேரம் முன்பு அடித்துக்கொள்ளப் பார்த்தவர்கள், குனிந்து ஒரே சாலையை அளந்துகொண்டிருந்தார்கள். எனக்கு நெஞ்சு நிறைந்தது.

பாதி வழியில் நடேசனின் கை நின்றது. "இங்க மரமில்ல. வாய்க்கா பாலத்தையே வெட்டிட்டானுங்க. ஆளு தாண்டலாம். வண்டி எறங்காது. அதத் தாண்டிட்டா அப்பால மரமில்ல."

சாமிக்கண்ணு ஜீப்பை அங்கேயே விட்டார். சுற்றுவழி தேடினார்கள். ஒரு பக்கம் சேற்று வயல், மறுபக்கம் ஏரி. பதினைந்து நிமிடம் போனது. மலைக்காரரின் விரல் இன்னும் அந்த மடிப்பிலேயே இருந்தது.

அப்போதுதான் அஞ்சலையைக் கவனித்தேன். கதவோரத்திலிருந்து மேசைக்கு வந்திருந்தார். கொட்டாங்கச்சியிலிருந்து ஒரு பாசிமணியை எடுத்தார். கை மேசைக்கு மேலே வந்தது. அங்கேயே கொஞ்சம் நின்றது. பிறகு விரல்கள் மடங்கின. மணி உள்ளங்கையில் இருக்க, கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார்.

நான் தண்ணீர் குடிக்கப் போகிற மாதிரி வெளியே வந்தேன். அவரும் வந்தார்.

"வழி இருக்குதில்ல, அஞ்சல?"

"இருக்குதுக்கா. ஆனா இந்த மேசையில வெக்க மாட்டன்."

"ஏன்?"

"எங்க காலனிக்குப் பின்னால ஏரிக்கரை மேல ஒரு தடம் போவுது. ஜீப் போவும். ரெண்டு பக்கமும் முள்ளப் போட்டு மூடி வெச்சிருக்கறோம். அந்தாண்ட ஊர்ல குடிசை எரிஞ்சதிலருந்து எங்க ஆம்பளைங்க முன்னாடிதான் காவல் காக்கறாங்க. பின்னால வழி இருக்குதுன்னு வெளிய ஒருத்தருக்கும் தெரியாது. ஏதாவது ஆச்சுன்னா புள்ளைங்கள இட்டுக்கினு ஓடறதுக்கு எங்களுக்கு அது ஒண்ணுதான்கா. அத அவரு எதிர்ல எப்படி வெப்பேன்?"

"நடேசன் அப்படிச் செய்ற ஆளாத் தெரியலையே" என்றேன்.

"அவரு நல்லவராவே இருக்கட்டும். கூட மூணு பேரு பாக்கறாங்க இல்ல? அவங்க போய் யாராண்ட சொல்லுவாங்கன்னு உனக்குத் தெரியுமா?"

எனக்குத் தெரியாது. உள்ளே பதினோரு உயிர். வெளியே ஒரு காலனி. நான் கட்டாயப்படுத்தியிருந்தால் அஞ்சலை அந்த மணியை வைத்திருப்பார் என்று நினைக்கிறேன். மலைக்காரரின் விரலை அவரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். உங்களிடம் உண்மையைச் சொல்கிறேன், கட்டாயப்படுத்தத் தோன்றியது. 'எல்லாம் மேசைக்கு வரணும்' என்பது நானே போட்ட சட்டம். அதை நானே உடைக்க மனம் வரவில்லை. ஆனால் முந்தானைக்குள் மூடியிருந்த அந்தக் கையிலிருந்து மணியைப் பிடுங்கவும் என்னால் முடியவில்லை.

"நீ ஜீப்ல முன்னாடி ஒக்காந்து வழி சொல்றியா? வண்டியில வர்ற நமக்கு மட்டும் தெரிஞ்சாப் போதும்" என்றேன்.

அஞ்சலை கொஞ்சம் யோசித்தார். "அந்த வண்டி மட்டும்தான் வரணும். பின்னால ஒரு சைக்கிள்கூட வரக் கூடாது."

உள்ளே போனேன். மேசைக்குத் தூசி விழாமல் போர்த்துகிற வேட்டித்துணி ஒன்று இருந்தது. அதை மடித்து, வெட்டிய பாலத்துக்குச் சற்று முன்பிருந்தே தொடங்கி, சாலையின் இரண்டு பக்கமும் சேர்த்து நாலு ஊர், இரண்டு ஏரி மறைகிற மாதிரி போர்த்தினேன். சின்னதாகப் போட்டால் துணியே வழியைக் காட்டிக் கொடுத்துவிடும்.

"ஜீப் இந்தப் பக்கம் துணிக்குள்ள போகும். அந்தப் பக்கம் வெளிய வரும். நடுவுல எப்படிப் போகுதுன்னு இங்க யாரும் கேக்கக் கூடாது" என்றேன்.

நடேசன் கூட வந்தவர்களில் ஒருவர் சிரித்தார். "இன்னா மேடம், மோடி வித்தையா?"

நடேசன் சிரிக்கவில்லை. துணியைப் பார்த்தார். பிறகு, அதுவரை ஒரு தடவைகூட நேராகப் பார்க்காத அஞ்சலையைப் பார்த்தார். அஞ்சலை தலை குனியவில்லை.

"செரி" என்றார் நடேசன். "துணிக்கு அரை மைல் முன்னாடி செங்கல் சூளை இருக்குது. எங்க ஆளுங்க அதோட நின்னுடுவாங்க. அதுக்கு மேல ஒருத்தன் வர மாட்டான். நான் சொல்றன்மா." கடைசி வார்த்தையை அஞ்சலையிடம்தான் சொன்னார்.

பன்னிரண்டு மணிக்கு ஜீப் கிளம்பியது. முன்னால் சாமிக்கண்ணும் அஞ்சலையும், பின்னால் டாக்டர், நான், மலைக்காரர், காலை மடக்கக்கூட இடமில்லாமல் சலைன் பெட்டிகள். நடேசனும் ஆட்களும் ரம்பத்தோடு சைக்கிளில் முன்னே போனார்கள். மூன்றாவது மரத்தடியில் இருந்தவர்கள் நடேசனுக்கே பழக்கமில்லாதவர்கள். வண்டியைச் சூழ்ந்துகொண்டு கூரையை அடித்தார்கள். நடேசன் ஒரு பெட்டியைத் திறந்து பாட்டிலைத் தூக்கிக் காட்டி, தொண்டை கிழியக் கத்தினார். "உப்புத் தண்ணிடா இது! நம்ம கேக்கறது வேலைக்கு, படிப்புக்கு. சாவறவனுக்குத் தண்ணி போவக் கூடாதுன்னு எவன்டா கேட்டான்?" ரம்பம் அவர்கள் கைக்கும் மாறியது.

செங்கல் சூளை வந்தது. எல்லோரும் நின்றார்கள். அறையில் சிரித்தவர் மட்டும், என்ன நினைத்தாரோ, ஜீப்புக்குப் பின்னால் சைக்கிளை மிதித்தார். நடேசன் ஓடிப்போய்க் கேரியரைப் பிடித்து இழுத்து நிறுத்தியதைப் பின்பக்கத்திலிருந்து நான் பார்த்தேன். இரண்டு பேரும் புழுதியில் விழுந்தார்கள். ஒரு திருப்பத்தில் அவர்கள் மறைந்தார்கள்.

அதற்குப் பிறகு போன வழியை விவரிக்க மாட்டேன். முள்ளை இழுத்தவர்கள் பெண்கள். நாங்கள் போனதும் பின்னாலேயே மூடினார்கள்.

மூன்று மணிக்கு மேல் ஊர் போய்ச் சேர்ந்தோம். பாட்டில் மாட்டக் கொக்கி போதவில்லை. வீட்டு விட்டத்தில் கட்டினோம்; பலாமரக் கிளையில் கட்டினோம்; அதுவும் போதாமல் கையில் பிடித்தோம். நான் பிடித்த பாட்டில் ஒரு பத்து வயதுப் பெண்ணுக்கு. கண் உள்ளே போய், தோல் கிள்ளினால் கிள்ளினபடி நின்றது. கை மாற்றிக் கை மாற்றிப் பிடித்தேன். எவ்வளவு நேரமோ தெரியாது. அவள் உதட்டை நக்கிவிட்டு, யாரையோ திட்டுகிற குரலில், "பசிக்குது" என்றாள். டாக்டர் திரும்பிப் பார்த்து முதன்முதலாகச் சிரித்தார். நாங்கள் போன பிறகு அந்த ஊரில் ஒரு சாவும் இல்லை.

இதில் எனக்கு அடக்கம் கிடையாது, பிள்ளைகளே. அதற்குப் பிறகு முப்பது வருடம் எத்தனையோ மேசைகளும் சுவர்த்திரைகளும் செய்தேன். பரிசு வாங்கியவையும் உண்டு. ஆனால் என் வாழ்நாளில் செய்ததிலேயே நல்ல வடிவமைப்பு எது என்று கேட்டால், மரத்தூள் மலை மேல் போட்ட அந்தப் பழைய வேட்டித்துணியைத்தான் சொல்வேன். ஒவ்வொரு வேலையிலும், எதைக் காட்டுவது என்று பேசி முடித்ததும், இதைக் காட்டினால் இந்தச் சுற்றுக்குள் யார் வீட்டுக் கதவு திறந்துகொள்ளும் என்று கேட்டுப் பழகினேன். அந்தக் கேள்வியை உங்கள் மேசையிடமும் கேளுங்கள். கையை மடக்கிக்கொள்கிறவரைத் திரை காட்டாது. நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

குச்சிகளை ஜீப் கிளம்புவதற்கு முன்பே பொறுக்கியிருந்தேன். மறுநாள் அதிகாரி வந்து தன் குறிப்பேட்டை வாங்கிக்கொண்டார். மேசைப் பக்கம் திரும்பவில்லை.

மறியல் ஓய்ந்து ஒரு மாதம் இருக்கும். மேலிடத்திலிருந்து வேறொருவர் வந்தார். வழக்குகளுக்கு வேண்டுமாம். எந்த மரம் எங்கே கிடந்தது, ஜீப் எந்த வழியாகப் போனது, ஒரு படம் போட்டுத் தர முடியுமா என்று மரியாதையாகத்தான் கேட்டார். "நீங்க ஒரு தடவ பாத்த வழிய மறக்கவே மாட்டீங்களாமே?" என்றார். உண்மைதான். அந்த மலையின் ஒவ்வொரு மடிப்பையும் நான் இன்றைக்கும் பார்க்காமல் வரைவேன்.

"ஞாபகம் இல்லைங்க" என்றேன்.

அவர் போன பிறகு டாக்டர் என் எதிரே ஒரு டீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

அந்த ஏரிக்கு என்ன பெயர், அது எந்த ஊர் என்று உங்களில் யாராவது என்னிடம் கேட்பீர்கள். கேட்காதீர்கள். எனக்கு இன்னும் ஞாபகம் வரவில்லை.